ஜீவாவும் ஜீனோவும்: 'என் இனிய இயந்திரா' அச்சிலும் திரையிலும்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர்த் தூர்தர்ஷனில் நாடகத் தொடராயிற்று. நாவலில் அரசு குடிமக்களின் பெயர்களை இரண்டெழுத்தாகக் குறுக்குகிறது: நிலா, சிபி, ரவி, மனோ. ஆள்வோன் ஜீவா, இயந்திர நாய் ஜீனோ. முதலெழுத்து ஒன்றே. ஆயினும் உயிரெனப் பொருள்படும் ஜீவா வெறும் ஒளியுரு. நாயோ நூல்களைப் படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது. அச்சில் கண்ணுக்குப் புலப்படும் இவ்வெழுத்தொற்றுமை திரையில் நழுவிவிடுகிறது, இது இழப்பே.

எனினும் நாவலுக்கு வாய்க்காத ஒன்று தொடருக்கு வாய்த்தது. நாவலின் மக்கள் ஜீவாவைப் பெரும்பாலும் திரைவழியே அறிகின்றனர். தூர்தர்ஷனோ அன்று அரசின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. 1996 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கம்பம் பள்ளத்தாக்கின் வீடொன்றில் அத்தொடரைக் கண்டவர், நிலா அமர்ந்த இடத்திலேயே அமர்ந்திருந்தார். ஜீனோவின் குறும்பில் மட்டும் நின்றுவிடும் வாசிப்பு இவ்வரசியலைத் தவறவிடுகிறது.