சனிக்கிழமைச் சிநேகிதம்

வாலிபரின் சிநேகிதத்தைப் பொருளாகக் கொண்ட அமெரிக்கத் திரைப்படங்களுள் ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ தனியிடம் பெற்றது. ஜான் ஹியூஸ் எழுதி இயக்கிய இப்படம் 1985இல் வெளிவந்தது. 2018 ஜனவரியில் கிரைட்டீரியன் நிறுவனம், முன்னர் எவரும் காணாத ஏறத்தாழ 50 நிமிடக் காட்சிகளையும் சேர்த்து, வீட்டில் பார்ப்பதற்கான வட்டாக இதனை வெளியிட்டது. வாலிபர் கூட்டங்களில் இதனைக் காட்ட எண்ணும் ஆயர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

கதை மிகச் சிறிது. இலினாய் மாநிலத்துப் பள்ளியொன்றில், 1984 மார்ச் 24ஆம் நாள் சனிக்கிழமை, தண்டனை பெற்ற ஐந்து மாணவர் நூலகத்தில் அடைக்கப்படுகின்றனர். மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ, செல்வச் சீமாட்டி கிளேர், முரடன் பெண்டர், எவரோடும் பேசாத அலிசன், படிப்பாளி பிரயன். ‘நான் யார்’ என்று ஆயிரம் சொற்களில் எழுத வேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. அவர்களோ எழுதுவதை விட்டுத் தரையில் அமர்ந்து, தத்தம் தந்தையரையும் தாய்மாரையும் பற்றி மனந்திறக்கின்றனர். அப்பகுதியின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. இவ்வளவு உண்மையான பாவ அறிக்கையை நம் கூட்டங்களில் நாம் கேட்பது அரிது.

திங்கட்கிழமையும் நாம் சிநேகிதராயிருப்போமா என்று பிரயன் கேட்கிறான். இருக்கமாட்டோம் என்கிறாள் கிளேர். மற்றவர்கள் அவள்மேல் சினம் கொள்கின்றனர். எனக்கோ படத்திலேயே மிக நேர்மையான சொல் அதுவே என்று தோன்றுகிறது. படம் திங்கட்கிழமைக்குச் செல்லத் துணியாமல் சனிக்கிழமை மாலையிலேயே முடிந்துவிடுகிறது.

இக்கேள்வியைக் கேட்ட பிரயனின் நிலை யாது? தொழிற்பயிற்சி வகுப்பில் அவன் செய்த விளக்கு எரியவில்லை, தேர்ச்சி பெறவில்லை. அதனால் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணித் துப்பாக்கியொன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். அது வெறும் ஒளிச்சமிக்ஞைத் துப்பாக்கி என்றும், தன் பெட்டகத்திலேயே வெடித்துவிட்டது என்றும் அவன் சொன்னவுடன் அனைவரும் நகைக்கின்றனர். அவனும் நகைக்கிறான். பார்ப்பவரும் நகைக்கவேண்டும் என்றே காட்சி அமைந்துள்ளது. ஐவருள் மிகப் பெரிய பாரத்தைச் சுமந்தவனின் அறிக்கை இவ்வாறு வேடிக்கையாகி முடிகிறது. பின்னர் கிளேர் பெண்டரோடும், அலிசன் ஆண்ட்ரூவோடும் இணைகின்றனர். பிரயனுக்கு வாய்ப்பது அனைவருக்குமாகக் கட்டுரை எழுதும் வேலை மட்டுமே.

அலிசனின் காரியமும் வருத்தத்திற்குரியது. கிளேர் அவளது கண்மையை அழித்து, தலைமுடியைத் திருத்திய பிறகே ஆண்ட்ரூ அவளை நோக்குகிறான். கிளேராக நடித்த மாலி ரிங்வால்ட், தம் மகளோடு இப்படத்தை மீண்டும் கண்டபின், பெண்டர் கிளேரை நடத்தும் விதம் தம்மை உறுத்தியதை 2018 ஏப்ரலில் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். திரையரங்கில் ஒருமுறை கண்டு மறந்தால் எழாத கேள்விகள், வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து மறுபடி காணும்போது எழுகின்றன.

ஆயினும் படத்தைக் காட்டவேண்டாம் என்று சொல்லேன். காட்டுவோர் இறுதிக் காட்சியில் பிரயனைக் கவனிக்குமாறு வாலிபரைக் கேட்கட்டும். காலையில் அங்கேயும் படிக்க வழிதேடுமாறு கடிந்து அவனை இறக்கிவிட்டவள் தாய். மாலையில் அவனை ஏற்றிச்செல்பவர் தந்தை. அத்தந்தையாக ஓரிரு கணம் தோன்றுபவர் இயக்குநர் ஹியூஸே.