மூச்சு வாங்காத குதிரைகள்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்குக் குதிரையைப்போல் ஒத்தாசை செய்கிற பிராணி வேறு கிடையாது. அத்தியாயம் நகர மறுக்கிறதா? கதாநாயகனைக் குதிரைமேல் ஏற்றிவிட்டால் போதும். புழுதி பறக்கும், குளம்பொலி கேட்கும், பிடரி காற்றில் அலையும். ‘தொடரும்’ என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிடலாம். நானும் அப்படித்தான் ஒரு தொடர்கதையை நாற்பத்திரண்டு வாரம் ஓட்டினேன்.

அதில் ஒரு தூதன் வருகிறான். மரண தண்டனை பெற்ற ஒருவனைக் காப்பாற்றும் ஓலையோடு சேதுக்கரையிலிருந்து புறப்படுகிறான். ஒரே குதிரையில், ஒரே இரவில், பழனி மலைத்தொடரின் உச்சியை அடைந்துவிடுகிறான். இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். கடைசிப் பகுதி முழுவதும் ஏற்றம். உச்சியில் குதிரை வாயைப் பிளந்து காற்றை விழுங்கியது என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கர்வத்தைப் போக்கியவர் தங்கச்சிமடத்துக்காரர். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா ஜூலை மாதத்தில் நடக்கும். அதற்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போயிருந்தார். ஸ்பெயின் தேசத்து மரபில் சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரைமேல் வருகிறவர். அப்படிப்பட்ட படம் ஒன்று மாட்டியிருந்த வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. வீட்டுப் பெரியவர் ராமேசுவரம் ஸ்டேஷனிலிருந்து கோயில்வரை யாத்திரிகர்களை ஏற்றி ஜட்கா ஓட்டியவர். 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு வர ரயிலை விட்டால் படகுதான். பாலம் வந்தது, அதன்மேல் பஸ்ஸும் ஆட்டோவும் வந்தன, அவருடைய பிழைப்பு கொஞ்சங்கொஞ்சமாகப் போயிற்று. இதை அவர் புகாராகச் சொல்லவில்லை.

“தம்பி எழுதுனதப் பேரப்புள்ள வாசிச்சுக் காட்டுச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா குதிரை வாயால மூச்சு விடாது தம்பி” என்றார்.

“ரொம்ப இளைத்துப் போனால்கூடவா, ஐயா?”

“செத்துப்போனாலும் விடாது. மூக்குத்தான். மூக்கு விரியறதப் பாத்துத்தானே நாங்க வண்டிய நிறுத்துவோம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அம்புட்டுத் தூரம் போனானே, எங்கயாச்சும் தண்ணி காட்டுனானா?” என்று கேட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் நாற்பத்திரண்டு அத்தியாயங்களையும் புரட்டினேன். தண்ணீர் ஓர் இடத்தில் வந்தது. சுனையில் இறங்கிக் குடித்தவன் தூதன். குதிரை மரத்தடியில் ‘கம்பீரமாக’ நின்றிருந்தது.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பெரியவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. குதிரையின் தொண்டை அமைப்பே வாயால் மூச்சு விட இடம் தராது. நாலுகால் பாய்ச்சலில் அது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுத்தான் விட முடியும். சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு நாற்பதுக்கு மேல் போகாத நாடித் துடிப்பு, பாய்ச்சலில் இருநூறைத் தாண்டும். மண்ணீரலில் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களையெல்லாம் அப்போது இரத்தத்தில் கொட்டிவிடும். இது சமவெளிக் கணக்கு. உதகமண்டலம் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதைவிடக் கால்பங்கு குறைவு. கிண்டிக் குதிரைகளைக் கோடையில் உதகைக்குக் கொண்டுபோய்ப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூனில் அந்த மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. பந்தயத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் குதிரை மலைக்காற்றில் எத்தனை தூரம் தாங்கும் என்பதைக் காசு கட்டியவன் கவலையோடு கவனித்திருப்பான். கதை எழுதிய நான் கவனிக்கவில்லை.

இதனால் இலக்கியத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நாங்கள் எல்லாரும் கல்கியிடம் படித்தவர்கள். 1950-ல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னின் முதல் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறான். குதிரை பாய்ந்து வரவில்லை. நெடுந்தூரப் பிரயாணத்தில் களைத்து மெதுவாக நடக்கிறது. அது மெதுவாக நடப்பதனால்தான் அவனுக்கு ஏரியைப் பார்க்க நேரம் கிடைக்கிறது, நமக்கும் கிடைக்கிறது. அந்தப் பெரிய நாவலின் வாசலே ஒரு குதிரையின் களைப்பில் திறந்திருக்கிறது. லாடத்துக்காகக் கொல்லுப்பட்டறையில் நிற்கிற இடமும் பின்னால் வருகிறது. வழிவந்த நாங்கள் எடுத்துக்கொண்டது குளம்பொலியை மட்டும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. நம் நாவல்களில் லாயம் கிடையாது. திருவிளையாடலில் நரி பரியான கதையை நினைத்துப் பாருங்கள். வாதவூரர் குதிரை வாங்கப் போனது அரசாங்கப் பணத்தோடு. விலை உண்டு, கணக்கு உண்டு, கேட்கிற அரசன் உண்டு. நரிகள் குதிரைகளாகி வீதியில் வருகிற காட்சியோடு கதை நின்றுவிடவில்லை. இரவில் லாயத்தில் அவை மறுபடி நரிகளாகிப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. விபரீதம் நடக்குமிடம் லாயம். பாண்டிய நாட்டார் அதை வெறும் அற்புதமாகவா கேட்டிருப்பார்கள்? கடல் கடந்து வந்த குதிரைகள் இந்த நாட்டில் வருஷம் முடிவதற்குள் செத்துப்போகின்றன, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லை என்று 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறான். லாயத்தில் இரவோடு இரவாகக் குதிரை செத்துக் கிடப்பது அவர்கள் கண்ட காட்சியாகவே இருந்திருக்கக்கூடும்.

1886-ல் செகாவ் எழுதிய சிறுகதையும் லாயத்தில்தான் முடிகிறது. பீட்டர்ஸ்பர்க் நகரத்து வண்டிக்காரன். மகன் இறந்துபோன செய்தியை வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லப் பார்க்கிறான். நகரத்தில் யாருக்கும் கேட்க அவகாசமில்லை. கடைசியில் குதிரையிடம் சொல்கிறான். அது வைக்கோலை மென்றுகொண்டே அவன் கைமேல் மூச்சு விடுகிறது. வைத்தியம் படித்த செகாவ் அந்த இடத்தில் கண்ணீரை எழுதவில்லை, மூச்சை எழுதினான். ஜட்காக்கள் ஓடிய சென்னையிலும் மதுரையிலும் இத்தனை எழுத்தாளர்கள் இருந்தோம். அப்படி ஒரு கதை நம்மிடம் இருப்பதாக என் நினைவுக்கு வரவில்லை. இருந்தால் வாசகர்கள் எழுதித் தெரிவிக்கட்டும், சந்தோஷப்படுவேன்.

இனிமேல் எழுதுகிறவர்களுக்குச் சிரமம் அதிகம். சென்னைவாசி இன்று குதிரையைப் பார்க்க வேண்டுமானால் மெரினா மணலுக்கோ, போலீஸ் குதிரைப்படை போகிற பாதைக்கோ, கல்யாண ஊர்வலத்துக்கோ போக வேண்டும். மற்றபடி சினிமாதான் வாத்தியார். சினிமாவில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே குதிரை இளைப்பாறுவதை யாரும் காட்டுவதில்லை.

தொடர்கதை புத்தகமாக வரும் சமயத்தில் அந்தப் பகுதியைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். ஒரு வாக்கியத்தை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஓர் ஊருணி வேண்டியிருந்தது. கொள்ளு வாங்க ஒரு சத்திரம் வேண்டியிருந்தது. அடிவாரத்தில் தூதன் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நடக்கும்போது அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. தொடர்கதையில் அவன் பயந்ததே இல்லை. மூன்றாம் நாள் மாலைதான் மலைமேல் போய்ச் சேர்ந்தான். காலையிலேயே தண்டனை நிறைவேறிவிட்டது.

பதிப்பாளருக்கு இதில் திருப்தி இல்லை. தொடராகப் படித்தவர்கள் சிலர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள்; நன்றாக இருந்த மனிதனை ஒரு குதிரைக்காகக் கொன்றுவிட்டேன் என்று. தங்கச்சிமடத்துக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பேரப்பிள்ளை இப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறதாம். முடிந்ததும் வாசித்துக் காட்டும் என்று பதில் வந்திருக்கிறது.