கழுத்தளவு நுரை

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போகிறவர்கள் பவளத்தையும் கோமாளி மீனையும் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரிக் கதவைத் திறக்கச் சொல்வேன். வளர்ப்பவரின் கைத்திறன் தெரிவது அங்கே, சம்ப் எனும் கீழ்த்தொட்டியில் நின்று நுரையால் அழுக்கைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரில்தான்.

ஒழுங்காக ஓடும் ஸ்கிம்மரில் ரசிக்க நிறைய உண்டு. அடி உருளையில் குமிழிகள் தனித்தனியாகத் தெரியாது, தண்ணீரே வெளுத்திருக்கும். கழுத்தில் ஏற ஏற நீர் வடிந்து, குமிழிகள் பருத்து, ஒன்றையொன்று நெருக்கும். விளிம்பை எட்டும்போது அவற்றின் மேல் பழுப்பு படிந்திருக்கும். ஒன்று உடைந்து அதன் அழுக்கு மேலேயுள்ள கப்பில் வழியும். பின்னாலேயே அடுத்தது வந்து நிற்கும். கப்பில் சேர்வது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் எனக்குத் திருப்தி. மிக வெளிறியிருந்தால் கடல்நீரும் கூடவே போகிறது.

மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உள்ள புரதங்களுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். குமிழியின் மேற்பரப்புதான் அவற்றுக்குத் தோதான இடம். உப்புநீரில் நுண்குமிழிகள் எளிதில் ஒன்றுசேராததால்தான் இந்த வித்தை கடல்நீரில் நன்றாக எடுபடுகிறது. நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறை, வலுவான விளக்கு, ஸ்கிம்மர் என்ற மூன்றையே நம்பிப் பவளம் வளர்ப்பதற்குப் பெர்லின் முறை என்று பெயர்.

நுரை கழுத்தோடு நிற்பதற்கும் கப் நிரம்பி வழிவதற்கும் நடுவே அதிக இடமில்லை. சம்ப்பில் நீர் ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்தாலே உள்ளேயும் மட்டம் ஏறிவிடலாம். ஆகவே தேர்ந்தவர்கள் ஸ்கிம்மரின் வால்வைத் தொடுவதற்கு முன் சம்ப்பின் மட்டத்தைக் கட்டிப்போடுகிறார்கள். ஸ்கிம்மர் அறைக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தால், நீர் அதைத் தாண்டி வழிந்துதான் அடுத்த அறைக்குப் போகும். ஆவியாகிக் குறைவது, நீரை மேல்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் அறையில் தெரியும். ஸ்கிம்மர் இருக்கும் இடத்தில் மட்டம் அசையாது. அறை ஆழமாக இருந்தால் அடியில் ஒரு சிறு மேடை போதும்.

அடுத்தது பொறுமை. எண்ணெய்ப்பசையுள்ள தீனி போட்டாலோ, தொட்டிக்குள் கையை விட்டாலோ நுரை சில மணிநேரம் படுத்துவிடும். அதைப் பார்த்து அவசரமாக வால்வைத் திருகி மட்டத்தை ஏற்றுகிறவர், நள்ளிரவில் தரை துடைக்க வேண்டிவரும். எண்ணெய் அடங்கியதும் நுரை தானே எழும்பும். குளோரின் நீக்கும் சில மருந்துகளும், பவளம் ஒட்டும் எபாக்ஸியும் நேர்மாறானவை: நுரையைக் கட்டுக்கடங்காமல் பொங்கவைக்கும். அந்த நாட்களில் மட்டத்தைத் தாழ்த்தி, காற்றைக் குறைத்து, காத்திருக்க வேண்டியதுதான். புது ஸ்கிம்மரும் ஓரிரு வாரம் இப்படித்தான் அடம்பிடிக்கும்.

மின்சாரம் போய் வரும் வீடுகளில் இன்னொரு நுட்பம் வேண்டும். பம்ப் நின்றதும் மேல்தொட்டி நீரில் ஒரு பகுதி சம்ப்புக்கு இறங்கிவிடும். மின்சாரம் வந்தவுடன் ஆழநீரில் ஸ்கிம்மர் ஓடினால் வழியாமல் என்ன செய்யும்? ரிட்டர்ன் பம்ப் முதலில் ஓடி மட்டத்தை இறக்கிய பிறகே ஸ்கிம்மர் விழிக்கும்படி டைமர் போட்டிருப்பவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கப்பிலிருந்து குழாய் போட்டு வெளியே கேனில் அழுக்கைச் சேர்ப்பவர்கள், கேன் நிரம்பினால் ஸ்கிம்மரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சையும் சேர்த்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வழிந்து போவது கடல்நீர். ஆவியாகும் நீருக்காக வைத்த தானியங்கி நிரப்பி அந்த இடத்தை நன்னீரால் ஈடுகட்டும். லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்க வேண்டிய உப்பு சத்தமில்லாமல் குறையும். தரை நனைந்ததைவிடப் பவளத்துக்கு இதுதான் பெரிய ஆபத்து.

ஸ்கிம்மர் வாங்கப் போகிறவர்கள் விலையையும் மாடலையும் கேட்கிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அந்த ஆழத்தை அசையாமல் காக்கத் தெரிந்தவர் கையில் சுமாரான ஸ்கிம்மரும் சிறப்பாக ஓடும்.