நேரத்தைப் பட்டையாக வரைந்தவர்கள்

அலுவலக வேலையாக விமானம் ஏறுகிறவருக்கு டிக்கெட் விலை இரண்டாம்பட்சம்தான். பணத்தைக் கம்பெனி கொடுத்துவிடும்; போகிற நேரம் அவருடையது. இதைப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்ட தேடல் பக்கங்களில் நான் மிகவும் ரசித்தது ஹிப்மங்க்.

ஆடம் கோல்ட்ஸ்டீனும், ரெடிட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஹஃப்மனும் 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த தளம் அது. அப்போதைய பயணத் தளங்களில் தேடினால் பக்கம் பக்கமாக எண்கள்தான் வந்து விழும். எது தேவலை என்று பார்க்க மனக்கணக்குப் போட்டாக வேண்டும். ஹிப்மங்க் அத்தனையையும் ஒரே பக்கத்தில் படமாக்கியது. மேலே மணிகள். கீழே ஒவ்வொரு பயணமும் ஒரு கிடைப்பட்டை. பட்டை தொடங்குமிடம் கிளம்பும் நேரம், முடியுமிடம் சேரும் நேரம். எந்த நிறுவனம் என்பதை நிறம் சொல்லிவிடும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் போவதாக வைத்துக்கொள்வோம். நேர் விமானம் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். ஒரே நிறத்தில், முறியாத பட்டை. அதற்குக் கீழே டென்வரில் மாறிப் போகும் பயணம். இரண்டு துண்டுகள், நடுவே காத்திருப்பு, அதன்மேல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி. அந்த நடுத்துண்டு ரொம்பக் குட்டையாக இருந்தால் அடுத்த விமானத்தைக் கோட்டைவிடும் பயம். நீண்டு கிடந்தால் அரை நாள் நாற்காலியில் போய்விடும். இரண்டையும் கண் ஒரு நொடியில் பிடித்துவிடுகிறது, ஓர் எண்ணைக்கூடப் படிக்காமல்.

வரிசைப்படுத்தியதிலும் அதே அக்கறை. விலை, பயண நேரம், எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும் என்ற மூன்றையும் கூட்டிப் பார்த்து, அவஸ்தை குறைந்த பயணத்தை முதலில் வைத்தது. ஏறக்குறைய அதே பயணம், ஆனால் எல்லா வகையிலும் மோசம் என்றால் அதைக் கண்ணில் படாமல் ஒதுக்கியது. நிறைய முடிவுகளைக் காட்டுவதே பெருமை என்றிருந்த தொழிலில், வேண்டாததை மறைக்கத் துணிச்சல் வேண்டும்.

வரிசை சின்ன விஷயமே இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நடத்திய சேபர் முன்பதிவுக் கணினி, பயண முகவர்களின் திரையில் தன் விமானங்களுக்கே முன்னிடம் கொடுத்துவந்தது. பெரும்பாலான முகவர்கள் முதல் திரையைத் தாண்டியதில்லை. அதனால் அந்த இடம் காசாக மாறியது. அப்படிச் சாய்வாக அடுக்குவதற்கு அமெரிக்க அரசு 1984இல் தடை போட்டது. பயணியின் பக்கம் நின்று அடுக்கிய பக்கத்தை நான் இவ்வளவு கொண்டாடுவதற்கு இந்தப் பழைய கதையும் ஒரு காரணம்.

அலுவலகப் பயணச் செலவுக் கணக்குகளைக் கையாளும் கான்கர் நிறுவனம் 2016இல் ஹிப்மங்கை வாங்கியது. 2020 ஜனவரியில் தளம் மூடப்பட்டது. இன்று பலரும் பயன்படுத்தும் கூகுள் ஃபிளைட்ஸ் வேகத்தில் அசத்துகிறது. ஆனால் மறுநாள்தான் போய்ச் சேர்வீர்கள் என்ற பெரிய செய்தி, சேரும் நேரத்தின் தோளில் பொடி எழுத்தில் ‘+1’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பெனிகளுக்குப் பயணத் தளம் கட்டுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: காத்திருப்பை அதன் நீளத்துக்கே வரைந்து காட்டுங்கள். மறுநாள் சேரும் விமானம் என்றால், விலைக்குக் கொடுக்கும் எழுத்தளவை அதற்கும் கொடுங்கள்.