பார்சலில் வராத ஒரு துண்டு

சாண்ட்விச் என்பது என்ன? ரெண்டு ரொட்டி, நடுவில் ஏதோ ஒன்று. இதைப் போய்ப் பெட்டியில் போட்டு ஊர் ஊராக அனுப்புவார்களா என்கிறீர்களா? அனுப்புகிறார்கள் சார். நியூயார்க்கில் ஹவ்ஸ்டன் தெருவில் இருக்கும் ‘காட்ஸ் டெலிகடஸன்’ 1888-ல் ஆரம்பித்த கடை. இன்று அமெரிக்கா முழுவதும் பார்சல் அனுப்புகிறது. பாஸ்ட்ராமி என்கிற மாட்டிறைச்சி, ரை ரொட்டி, கடுகு விழுது, வெள்ளரிக்காய் ஊறுகாய் எல்லாம் தனித்தனிப் பொட்டலம். சேர்த்துச் சாப்பிடுவது உங்கள் பாடு.

சிரிக்காதீர்கள். இரண்டாம் உலகப்போரின்போதே, ‘பட்டாளத்துப் பிள்ளைக்கு ஒரு சலாமி அனுப்புங்கள்’ என்ற பொருளில் விளம்பரம் செய்த கடை அது. இறைச்சியை அவ்வளவு தூரம் அனுப்பும் தைரியம் எங்கிருந்து வந்தது? உப்பிலிருந்து.

உப்பின் மகிமை தெரிய நியூயார்க் போக வேண்டாம். பாண்டிச்சேரி போகும் வழியில் மரக்காணம் போதும். ஒரு பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளம், இன்னொரு பக்கம் கடற்கரைக் குப்பங்கள். மீன், உப்பு, வெயில். ஃப்ரிட்ஜ் இல்லாமலே கருவாடு ரெடி. நம் ஊர் ‘கிட்’ அதுதான். கருவாடு பொட்டலத்தில் வரும். புளியும் கத்தரிக்காயும் உங்கள் வீட்டில். அங்கேயும் இதே சூத்திரம்தான். ‘கார்ன்டு பீஃப்’ என்கிறார்களே, அந்தக் ‘கார்ன்’ மக்காச்சோளம் இல்லை, உப்புக்கல்!

வீட்டில் சேர்த்துக்கொள்ளும் எந்தப் பண்டத்துக்கும் நான் வைக்கும் பரீட்சை ஒன்றே ஒன்று: கஷ்டமான வேலையை யார் செய்தார்கள்? புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நின்று கிளறிய கை வேறு. நீங்கள் சாதம் வடித்து, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் புளியோதரை. பாஸ். கருவாடும் பாஸ்.

பாஸ்ட்ராமி? உப்புநீரில் ஊறப்போட்டு, மிளகும் தனியாவும் அப்பி, புகை காட்டுவது வரை அவர்கள் வேலை. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசி ரெண்டு வேலை பாக்கி இருக்கிறது. ஆவியில் பதமாகச் சூடேற்றுவது, கையால் நறுக்குவது. அந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்த ரெண்டும்தான். அங்கே கத்தி பிடிப்பவர், நறுக்கிக்கொண்டே ருசி பார்க்க ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டுவார். அந்தத் துண்டு பார்சலில் வராது.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? பெட்டி, குளிர்ப் பொட்டலம், அனுப்பும் கூலி எல்லாம் வாங்குகிறவர் தலையில். கடைசி உழைப்பும் அவருடையதே. அப்புறம் எதை விற்கிறார்கள்? ஞாபகத்தை. ஊரைவிட்டுப் போனவருக்கு அது கொள்ளை மலிவு. பெட்டியில் கருவாட்டை ஏழு கவர் சுற்றி விமானம் ஏறும் நாம் அதைக் கிண்டல் பண்ணக் கூடாது. ஆனால் அந்தக் கடையை மிதித்தே இராதவருக்கு அது வெறும் விலை உயர்ந்த இறைச்சி.

நியூஜெர்சியில் இருக்கும் உங்கள் மருமகன் ஆசைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்: நறுக்கினதை வாங்க வேண்டாம், முழுத்துண்டாக வாங்கட்டும். மைக்ரோவேவில் வைத்தால் வறண்டுவிடும். இட்லிப் பானையில் வைத்து, கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும்வரை ஆவி காட்டட்டும். நாருக்குக் குறுக்கே நறுக்கட்டும். முதல் துண்டைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கட்டும். கடைக்காரர் அனுப்பாமல் விட்டது அது ஒன்றுதான்.