கையெழுத்துப் போடாதவர்கள்

சிறுவர் விளையாட்டுக்குள் இப்போது ஒரு தாள் நுழைந்திருக்கிறது. பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்க வரும் தகப்பனிடம் பந்துக்கு முன்னால் அதைத்தான் நீட்டுகிறார்கள். கோட்டுக்கு வெளியே நின்று கத்தமாட்டேன், மத்தியஸ்தரை ஏசமாட்டேன், எதிரணிப் பிள்ளையை நக்கலடிக்கமாட்டேன், தோற்றாலும் கைதட்டுவேன். கீழே பெற்றோர் கையொப்பம், திகதி. விடியற்காலை வள்ளத்தில் போய்த் திரும்பிய களைப்போடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர் அதை வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். பத்து நிமிடம் கழித்து வேலிக் கம்பியைப் பிடித்தபடி “அடிடா, விடாதே!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். பந்தைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கமும் தருகிறார்.

திருகோணமலையில் மக்கெய்சர் விளையாட்டரங்கிலோ ஏகாம்பரம் மைதானத்திலோ ஒரு மாலை நின்று பார்த்தவருக்கு இந்த ஆள் புதியவரில்லை. அவரைத் திருத்தத்தான் இந்த ஒழுக்கக்கோவை என்கிறார்கள் அதன் ஆதரவாளர்கள். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், கையெழுத்து இல்லாமல் பிள்ளையைக் களத்தில் இறக்கவே முடியாது என்பது அவர்களுடைய பெரிய வாதம். வெளிநாடு என்று இந்தப் பக்கத்தில் சொன்னால் பாதி வேளை அது கனடாதான். அங்கே சிறுவர் விளையாட்டு என்றால் முதலில் ஐஸ் ஹொக்கி.

கோவைகள் அந்த விளையாட்டில் ஊன்றி வளர்ந்ததற்குக் காரணம் இருந்தது. 2000 ஜூலையில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ரெடிங் என்ற ஊரில், பிள்ளைகளின் பயிற்சி ஆட்டம் முரட்டுத்தனமாகப் போகிறது என்று தொடங்கிய வாக்குவாதத்தில் ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனை அடித்தார், அடிபட்டவர் இறந்துபோனார். அடித்தவருக்கு 2002இல் ஆறு முதல் பத்து ஆண்டுச் சிறை. 2010இல் கனடாவின் கல்கரி நகரத்துச் சிறுவர் ஹொக்கி அமைப்பு, பெற்றோரில் ஒருவராவது மரியாதை பற்றிய இணையவழிப் பாடத்தை முடித்தால்தான் பிள்ளை ஆடலாம் என்று விதித்தது. இன்று நம் ஊர்களுக்கு வரும் தாள்கள் இந்த வம்சாவளியின் தூரத்துப் பிள்ளைகள்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை வந்து விசில் ஊதும் இளம் மத்தியஸ்தர் வசவு கேட்டு நொந்து, அடுத்த பருவம் வராமலே விட்டுவிடுகிறார். பிறகு ஊத ஆளில்லை. கத்தும் தகப்பனைப் பார்த்து முதலில் கூனிக்குறுகுவது அவருடைய பிள்ளைதான். இதெல்லாம் உண்மை. மத்தியஸ்தரோடு வாதாடும் பழக்கத்தைக் குறைக்கவும் முடியும். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், வாயாடும் வீரனைப் பத்து நிமிடம் வெளியே இருத்தும் முறையை 31 லீக்குகளில் பரீட்சித்துப் பார்த்தபோது வாதாட்டம் 38 சதவீதம் குறைந்தது. 2019இல் அதை அடிமட்டக் கழகங்கள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். ஆனால் அங்கே வாயை அடக்கியது கையெழுத்தில்லை. பத்து நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டிய கஷ்டம்.

கோவையின் பெரிய பழுது, அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதில் இருக்கிறது. அமெரிக்க ஐஸ் ஹொக்கிச் சங்கத்தின் ஒழுக்கக்கோவைக்கு ஆறு அத்தியாயங்கள்: வீரர், பெற்றோர், பயிற்றுநர், மத்தியஸ்தர், பார்வையாளர், நிருவாகி. ஆறாவது ஆள் இருப்பதைக் கவனிக்கவேண்டும். அந்தக் கோவை கடல் கடந்து கையில் வந்து சேரும்போது வழியில் தவறி விழுவது எப்போதும் அந்த நிருவாகிதான். போட்டியை நடத்துபவர், நேரத்தைக் குறிப்பவர், பணத்தை வாங்குபவர், மேடையில் நடுக்கதிரையில் இருப்பவர் எதற்கும் உறுதி கொடுப்பதில்லை. மீன்காரரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. ஒன்பது வயதுப் பிள்ளையிடம்கூட வாங்கியாயிற்று. தலைவரிடம் பேனையை நீட்ட யாருக்கும் துணிவில்லை.

கோவைகள் பிறந்த பக்கத்திலேயே நிருவாகியின் பொறுப்பு எவ்வளவு காகிதமாக இருந்தது என்பதற்கு, கனடாவில் இந்த விளையாட்டை நடத்தும் ஹொக்கி கனடா அமைப்பின் கதை போதும். ஷெல்டன் கென்னடி என்ற ஆட்டக்காரர், பயிற்றுநர் கிரஹாம் ஜேம்ஸ் தம்மை இளவயதில் பல ஆண்டுகள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதை வெளிப்படுத்தினார். ஜேம்ஸ் 1997இல் சிறை போனார். கென்னடி பிறகு தொடங்கிய நிறுவனத்தின் பாடத்தைத்தான் கல்கரிப் பெற்றோர் கட்டாயமாகப் படிக்கிறார்கள். ஆண்டுக்காண்டு லட்சக்கணக்கான பிள்ளைகள் கட்டிய பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்த நிதியொன்றிலிருந்து, 1989 முதல் ஒன்பது பாலியல் வன்முறை முறைப்பாடுகளைத் தீர்த்துக்கொள்ள 76 லட்சம் டொலர் கொடுக்கப்பட்டிருந்தது 2022 ஜூலையில் நாடாளுமன்றக் குழுவின் முன் வெளிவந்தது. அதில் 68 லட்சம் ஜேம்ஸால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போனது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது பிழையென்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கட்டியவர்களுக்கே சொல்லாமல் இருந்ததுதான் நாட்டைக் கொதிக்க வைத்தது. அனுசரணையாளர்கள் விலகினார்கள், அக்டோபரில் பணிப்பாளர் சபை முழுதும் இராஜினாமாச் செய்தது. 2010 முதல் அத்தனை ஆண்டும் கல்கரியின் வேலியோரத்துத் தாய் தகப்பன்மார் மரியாதைப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இதே ஐஸ் ஹொக்கி இன்னொன்றையும் காட்டியது. அந்த விளையாட்டில் எதிராளியை உடம்பால் மோதித் தள்ளுவது விதிப்படி சரி. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் அது இருந்தது. தலையில் அடிபட்டவர்கள் ஏராளம். ‘பாதுகாப்பாக ஆடுவோம்’ என்று எத்தனையோ உறுதிமொழிகள் எடுத்தார்கள். 2011இல் அமெரிக்காவும் 2013இல் கனடாவும் அந்த வயதுப் பிரிவில் மோதலையே தடை செய்தன. அல்பேர்ட்டா மாகாணத்தில் நடந்த ஆய்வில் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆட்டக்காரனும் அவனுடைய அப்பாவும் பழைய ஆட்கள்தான். மேலே இருந்தவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள், மாறியது அவ்வளவே.

பனிக்கட்டியை விட்டுவிட்டு வெயிலுக்கு வருவோம். கிழக்கில் வருடத்தின் முதல் தவணை என்றாலே இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். கொடிகள், அலங்கரித்த இல்லங்கள், பான்ட் வாத்தியம், பிரதம அதிதிக்குப் பொன்னாடை. அதற்கு முந்திய நாட்களில் ஒரு காலையில் மரதன் ஓட்டம். 2024 மார்ச் மாதம் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் இறந்துபோனான். கடுமையான வெப்பம் நிலவிய நாட்கள் அவை. உரிய சிகிச்சை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று குற்றஞ்சாட்டி மாணவர்களும் பெற்றோரும் அங்குள்ள வைத்தியசாலை முன் கூடினார்கள்.

அந்த மரணத்தின் பக்கத்தில் இந்த ஒழுக்கத் தாளை வைத்துப் பார்க்கட்டும் அதன் ஆதரவாளர்கள். அதிலுள்ள எந்த வரி அந்தப் பையனுக்கு உதவியிருக்கும்? கத்தமாட்டேன் என்பதா, தோற்றாலும் கைதட்டுவேன் என்பதா? கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது? எத்தனை கிலோமீற்றருக்கு ஓரிடத்தில் தண்ணீர்? ஓடும் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்ததா? அம்புலன்ஸ் பாதையில் நிற்கிறதா, அழைத்தால் வருமா? ஒரு பிள்ளை சுருண்டு விழுந்தால் முதலில் தொடப்போவது யார், அவருக்கு முதலுதவி தெரியுமா? திருக்கோவிலுக்கு மட்டுமான கேள்விகளில்லை இவை. நிலாவெளியில் ஓடினாலும், கிண்ணியாவில் ஓடினாலும், மூதூரில் ஓடினாலும் கேட்கவேண்டியவை. தாள் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. ஒழுக்கம் என்ற சொல்லை அது நாக்குக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறது.

மேலே போகப் போக நிலைமை இன்னும் வேடிக்கை. 2023 என்ற ஒரே ஆண்டில் இலங்கை மூன்று விளையாட்டுகளில் உலக அமைப்புகளால் இடைநிறுத்தப்பட்டது. ஜனவரியில் உதைபந்தாட்டம், மே மாதம் ரக்பி, நவம்பரில் கிரிக்கெட். எந்தப் பிள்ளையும் மத்தியஸ்தரை ஏசியதால் வந்த தடைகளில்லை. தேர்தல், அதிகாரம், அமைச்சின் தலையீடு என்று பெரியவர்கள் பிடித்த கயிறிழுப்பு. கிரிக்கெட் தடையின் பலன் அதே மாதமே தெரிந்தது: 2024 ஜனவரியில் இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சொந்த மண்ணில், தாய் தகப்பன் முன்னால் உலகக் கிண்ணம் ஆடும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவது. அதை இழந்த இளைஞர்களிடம் வருத்தம் தெரிவிக்கும் ஒழுக்கம் எந்தக் கோவையில் எழுதியிருக்கிறது?

ஆட்ட நிர்ணயச் சூதாட்டத்துக்குப் பத்தாண்டுவரை சிறை வைக்கும் சட்டம் 2019இல் வந்தது. 24ஆம் இலக்கச் சட்டம். தெற்காசியாவில் முதலாவது என்று பெருமையாகச் சொன்னோம். பெரிய பணம் புழங்கும் இடத்துக்குச் சட்டம், பிள்ளைகள் ஆடும் இடத்துக்கு உறுதிமொழித் தாள்.

மத்தியஸ்தரின் தீர்ப்பே இறுதியானது என்று கோவைகளில் வரும் வரியையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1999 ஜனவரி 23, அடிலெய்ட். முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் ரொஸ் எமர்சன் ‘நோ போல்’ அறிவித்தார். இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோட்டுக்கு நடத்திப்போனார். ஆட்டம் நின்றது. பிறகு ஆடி, 300ஐத் தாண்டிய இலக்கை ஒரு விக்கெட் மிச்சமிருக்கத் துரத்தி வென்றார்கள். ரணதுங்கவுக்கு ஆட்டச் சம்பளத்தில் 75 சதவீத அபராதம், ஆறு போட்டிகளுக்கு ஒத்திவைத்த தடை. கோவைப்படி அது சரியான தண்டனை. ஆனால் பந்துவீச்சாளர்களில் பெரும்பாலோரின் முழங்கை ஓரளவு மடங்கி நிமிரவே செய்கிறது என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொண்ட பின், 2005இல் சர்வதேச கிரிக்கெட் சபை 15 பாகைவரை அனுமதித்துவிட்டது. பன்னிரண்டு வயது அணித்தலைவன் ஒவ்வொருவனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு நடக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நடக்காமல் முறையிட ஒரு மேசை எங்கே என்றுதான் கேள்வி. குரல் எழுப்பாதே என்று எழுதியவர்கள், குரலை எங்கே எழுப்பலாம் என்று எழுத மறந்துவிட்டார்கள். மறதி என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான்.

பயிற்றுநர் கன்னத்தில் அறைந்தால் பிள்ளை எங்கே போகும்? பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் சொல்கிறது. வகுப்பறைச் சுவரோடு அது முடிந்துவிடுகிறதாம். மைதானத்தில் “அடிச்சாத்தான் சேர் ஓடுவான்” என்பது இன்னும் ஒரு பயிற்சி முறை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது, அதன் தொலைபேசி இலக்கம் 1929. நான்கே இலக்கம். பெற்றோர் கத்தக்கூடாது என்று பன்னிரண்டு வரி அச்சடிப்பவர்களுக்கு அந்த நான்கு இலக்கத்தை அடியில் போட இடம் கிடைப்பதில்லை.

இதற்கெல்லாம் ஆதரவாளர்களிடம் ஒரே பதில் உண்டு: ஒழுக்கம் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து தொடங்கட்டும், ஆனால் ஏன் அது ஒவ்வொரு முறையும் வீட்டோடேயே நின்றுவிடுகிறது? உண்மையைச் சொன்னால், இந்தத் தாள்கள் பிள்ளைகளைக் காப்பதற்கு முன்னால் நடத்துபவர்களைக் காக்கின்றன. ஏதாவது நடந்துவிட்டால், பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டலாம். எல்லா அமைப்பாளர்களும் அந்தக் கணக்கோடு அச்சடிக்கிறார்கள் என்று சொல்வது அநியாயம்தான். சொந்தக் காசில் தண்ணீர்ப் போத்தல் வாங்கி வரும் உடற்கல்வி ஆசிரியர்கள் எத்தனையோ பேர். ஆனால் தாள் அவர்களுடைய நல்ல மனத்தை எழுதி வைத்திருக்கவில்லையே. நல்ல மனம் இல்லாதவர் அடுத்த வருடம் வந்தால், அவரைக் கட்ட ஒரு வரியும் இல்லை.

இன்னொரு தாளும் அச்சடிக்கலாம். அரைப் பக்கம் போதும். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் ஓட்டமாட்டேன். அம்புலன்ஸ் நிற்காமல் விசில் ஊதமாட்டேன். வெளிமாவட்டப் போட்டிக்குப் பெண்பிள்ளைகள் போகும் பஸ்ஸில் ஓர் ஆசிரியை இருப்பார். பயிற்றுநர் கைநீட்டினால் முறைப்பாட்டைக் கேட்பவர் இவர், அவருடைய இலக்கம் இது. வாங்கிய பணத்தின் கணக்கு இந்தத் திகதிக்குள் பலகையில் ஒட்டப்படும். கீழே அமைப்பாளரின் பெயர், கையொப்பம்.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுப்பு தெரிந்ததுதான்: இவ்வளவையும் எழுதிக் கையெழுத்துக் கேட்டால் யார் போட்டி நடத்த முன்வருவார்கள், பாவம், அவர்களுக்கும் எவ்வளவு வேலை, எவ்வளவு பொறுப்பு. வள்ளத்திலிருந்து வந்த அந்தத் தகப்பனைப் பற்றி யாரும் அப்படிக் கவலைப்படவில்லை. பேனையை நீட்டினார்கள், ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிப் போட்டார்.