எந்தக் கண் என்று தெரியும், எப்படி உடைந்தது என்று தெரியாது

எஸ்05.21எக்ஸ்ஏ. சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டுகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்யும் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்க, விளக்கம் சொல்வார்கள்: வலது கண் கிழிந்தோ வெடித்தோ உள்ளிருக்கும் திசு வெளியே பிதுங்கிவிட்டது, சிகிச்சை நடக்கிறது. அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் பட்டியலின் கோட் இது.

"கிழிந்தோ வெடித்தோ" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் என் குறை.

கத்தி பட்டால், பட்ட இடத்தில் விழி கிழியும். பேஸ்பால் மோதினால் கதையே வேற. விழிக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி, சுவர் எங்கே பலவீனமோ அங்கே உள்ளிருந்து வெடிக்கும். 1996-ல் ஃபெரென்ஸ் கூன் குழுவினர் முன்வைத்த பர்மிங்ஹாம் வகைப்பாடு இந்த இரண்டையும் பிரித்தது. 2002-ல் வந்த கண்காய மதிப்பெண் முறையில், விழி வெடித்திருந்தால் 23 கழிப்பார்கள். கிழிசலில் ஆயுதம் துளைத்து மறுபக்கமும் வந்திருந்தால் 14. மற்றபடி கிழிசலுக்கென்று கழிவு இல்லை. பார்வை திரும்புமா என்ற கணக்கே மாறுகிறது. கோடில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெட்டி.

காரணத்துக்குத் தனி கோட் இருக்கே என்பீர்கள். இருக்கு: பேஸ்பாலுக்கு டபிள்யூ21.03, கத்திக்கு டபிள்யூ26.0. ஆனா அதைப் போட்டே ஆகணும்னு அங்கே நாடு தழுவிய கட்டாயம் இல்லை.

அறுவைச் சிக்கல்களிலும் இதே கோளாறு வேறு வடிவில் வருகிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரையின் மையத்தில் வரும் நீர்க்கட்டி வீக்கத்துக்கு எச்59.03 என்று கோட் உண்டு. ஆனால் ஆபரேஷனுக்குப் பின் வந்தது என்பதற்காகவே எதையும் சிக்கல் என்று எழுதக் கூடாது. ஆபரேஷனால் வந்தது என்று டாக்டரின் குறிப்பு சொல்லணும், தெளிவில்லைன்னா அவரிடமே கேட்கணும் என்பது பொது விதி. நியாயமான விதிதான், சர்க்கரை நோயாலும் அந்த இடம் வீங்குமே. ஆனால் கடைசியில் நாம் எண்ணுவது சிக்கல்களை அல்ல, சிக்கல் என்று டாக்டர் எழுதிய வரிகளை.

பில் போட இந்தக் கோட்கள் போதும். விளையாட்டு வீரர்களுக்குக் கண்கவசம் வேண்டுமா, எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பாதுகாப்பு என்று முடிவெடுக்கப் போகிறவர்கள், கோட் எண்ணிக்கையோடு நிற்காமல் சார்ட்டையும் திறந்து படிக்கணும்.